நம் ஊருக்கு ஒரு பட்டம்: கிள்ளான் பள்ளத்தாக்குப் பள்ளித் தோட்டத்தில் கேழ்வரகு, எள், நிலக்கடலை



‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பொருள் எழுத வைக்கிறோம், சூழல் அமைக்கச் சொல்கிறோம். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ படிக்கும் ஒரு மாணவர், “டீச்சர், நம்ம ஸ்கூல் தோட்டத்துல ஆடி மாசம் விதைச்சா நல்லா வருமா?” என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? பலர் “வரும், வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பழமொழிக்குப் போய்விடுவோம்.

சரியான பதில் வேறு. கீரை, வெண்டை, கத்தரி போன்றவற்றை இங்கே எந்த மாதமும் போடலாம். தானியமும் எண்ணெய்வித்தும் அப்படியல்ல. அவை செடியிலேயே முற்றிக் காய வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். நம் ஊரில் அந்த வெயில் ஓரளவு கிடைக்கும் மாதங்களில் ஒன்று ஜூலை. ஆடி பிறப்பதும் அந்த மாதத்தின் நடுவில்தான். ஆக, தமிழ்நாட்டில் விதைக்கும் ஆடி, கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுவடைக்கே பொருத்தமான மாதம்.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கை விளக்குகிறது. மூன்று மீட்டர் நீளப் பாத்தி ஒன்று இருக்கும் பள்ளிகூட இதைச் செய்து பார்க்கலாம். தேதி, இடைவெளி, விதை கேட்கும் இடம், விதையைக் காப்பாற்றும் முறை எல்லாம் கீழே இருக்கின்றன.

பட்டம் என்றால் என்ன?

பட்டம் என்பது ஒரு பயிரை விதைப்பதற்கு உரிய காலம். ஆடி என்ற மாதத்துக்குத் தனியாக எந்தச் சக்தியும் கிடையாது. தமிழ்நாட்டின் மழை அந்த மாதத்தை முக்கியமாக்கியது.

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. ஆடி என்பது ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றால் காவிரியில் தண்ணீர் வரும். மானாவாரி நிலங்களில் கோடை வறட்சி தணிந்து மண் ஈரமாகும். அந்த ஈரத்தில் விதை முளைத்துவிட்டால், பின்னால் வரும் பெருமழை பயிரைத் தூக்கிவிடும். ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா நெல் தையில் அறுவடையாகும். பொங்கல் ஏன் தை முதல் நாளில் வருகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

தமிழ்நாட்டிலேயே எல்லாப் பயிருக்கும் ஆடி பொருந்தாது. எள்ளுக்கு ஆடிப் பட்டத்தோடு கார்த்திகைப் பட்டமும், இறவையில் மாசிப் பட்டமும் உண்டு. இறவை நிலக்கடலைக்கு மார்கழிப் பட்டம் பேர்போனது. நெல்லுக்குக் குறுவை, சம்பா, தாளடி, நவரை என்று தனித்தனிப் பெயர்கள். அவற்றின் பின்னால் எல்லாம் ஒரே கேள்விகள்தான் இருக்கின்றன: முளைக்கும்போது ஈரம் இருக்குமா? பூக்கும்போது தண்ணீர் போதுமா? அறுக்கும்போது வெயில் இருக்குமா? இந்த மூன்றுக்கும் “ஆமாம்” என்று பதில் வரும் நாளே பட்டம்.

இதே கேள்விகளை நம் ஊர் வானத்திடம் கேட்டுப் பார்ப்போம்.

நம் வானம் எப்படி?

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டைப்போல இரண்டரை மடங்கு. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பெய்வதில்லை. ஏப்ரலை ஒட்டி ஓர் உச்சம், அக்டோபர்–நவம்பரில் இன்னோர் உச்சம். இவ்விரண்டும் ஒரு பருவக்காற்று மாறி அடுத்தது வரும் இடைக்காலங்கள். மாலையானால் இடி, மின்னல், அடைமழை. இவற்றுக்கு நடுவே ஜூன்–ஜூலையிலும் ஜனவரி–பிப்ரவரியிலும் மழை குறையும்.

‘குறையும்’ என்றுதான் சொல்ல முடியும். ஜூலையிலும் திடீரென்று கொட்டும். சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து வெயிலை மறைக்கும். ஆகவே அறுத்த கதிரைக் கூரைக்கு அடியில் காயவைக்கும் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு பகலின் நீளம். சென்னையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. கிள்ளான் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைதான் தள்ளி இருக்கிறது; இங்கே அந்த வித்தியாசம் இருபது நிமிடத்தை ஒட்டியே இருக்கும். எள், கேழ்வரகு போன்ற சில பயிர்கள் பகல் குறுகுவதை அறிந்து பூப்பவை. அதனால் தமிழ்நாட்டு வேளாண் கையேடுகளில் உள்ள நாள் கணக்கு இங்கே சில நாள் முன்பின்னாக வரலாம். முதல் ஆண்டில் பூத்த நாளையும் அறுத்த நாளையும் குறித்து வைத்தால், இரண்டாம் ஆண்டில் உங்கள் பள்ளிக்கென்றே ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

செகிஞ்சானில் பட்டத்தை வாய்க்கால் தீர்மானிக்கிறது

மழையை மட்டும் நம்பாமல் பட்டம் அமைக்கும் வழியும் நம் மாநிலத்திலேயே உண்டு. கிள்ளானிலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் கோல சிலாங்கூரைத் தாண்டிப் போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான். பதினெட்டாயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட நெல்வயல் அங்கே இருக்கிறது. பெர்ணம் ஆற்றின் தண்ணீர் தெங்கி ஆறு வழியாகப் பெரிய வாய்க்காலுக்கு வந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகிறது. எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட முடியாது. அதனால் பகுதி பகுதியாக முறை வைத்து விடுகிறார்கள். தண்ணீர் வரும் நாள்தான் விவசாயிக்குப் பட்டம்.

மலேசிய அரசின் நெல் புள்ளிவிவரங்களில் ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஆகஸ்ட் 1 முதல் பிப்ரவரி முடிவுக்குள் நடவு தொடங்கினால் அது முதன்மைப் பருவம். மார்ச் 1 முதல் ஜூலை 31-க்குள் தொடங்கினால் அது இடைப்பருவம். 2001-இல் மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட எம்.ஆர். 219 போன்ற நெல் ரகங்கள் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வருவதால்தான் ஒரே ஆண்டில் இரண்டு போகம் எடுக்க முடிகிறது. விதையின் வயதும் தண்ணீர் வரும் நாளும் பொருந்த வேண்டும் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. கல்விச் சுற்றுலாவுக்குச் செகிஞ்சான் போகும் பள்ளிகள், வயலோரம் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் வாய்க்காலையும் மதகையும் காட்டலாம்.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று தோன்றலாம். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 20-ஆம் நாள் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1-ஆம் நாள் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 காசு என்று உச்சவரம்பு வைக்கப்பட்ட உள்ளூர் அரிசி, கடைத் தட்டுகளில் கிடைக்காமல் போனது. நம் மாணவர்களின் வீட்டிலும் அது பேச்சாக இருந்தது. நாட்டின் அரிசித் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. நாம் உண்ணும் கேழ்வரகும் எள்ளும் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. ஒரு பள்ளித் தோட்டம் இந்த நிலையை மாற்றிவிடாது. ஆனால் ஒரு தானியம் கைக்கு வர எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உழைப்பு என்பதை அறிந்த பிள்ளை, அந்தச் செய்தியை வேறு கண்ணோடு படிப்பான்.

அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

இதுதான் கட்டுரையின் மையம். விதைக்கும் நாளை முதலில் முடிவு செய்யாதீர்கள். அறுக்கும் வாரத்தை முடிவு செய்துவிட்டு, பயிரின் வயதைக் கழியுங்கள்.

நமக்கு அறுவடை வாரம் ஜூலை நடுப்பகுதி. காரணம் இரண்டு: மழை குறைவு, பள்ளி நடக்கும் காலம். இன்னொரு வறண்ட காலமான ஜனவரி–பிப்ரவரியைக் குறிவைத்தால் அக்டோபரில் விதைக்க வேண்டியிருக்கும். ஆண்டு இறுதி விடுமுறையில் பயிரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கதிர் முற்றும் நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கும். 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் ஜூலைக் கணக்கே நமக்கு வசதி.

- நிலக்கடலை: ஏறத்தாழ 105 நாள். மார்ச் 30-இல் விதைத்தால் ஜூலை 13.
- கேழ்வரகு: நாற்றங்காலில் போட்டதிலிருந்து 100 முதல் 110 நாள். மார்ச் 30-இல் விதைத்தால் ஜூலை 8 முதல் 18-க்குள்.
- எள்: ஏறத்தாழ 85 நாள். ஏப்ரல் 20-இல் விதைத்தால் ஜூலை 14.

மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. ஏப்ரல், மே மாத மழை வளர்ச்சிக்கு உதவும், ஜூனில் மழை குறையும்போது மணி பிடிக்கும், ஜூலையில் காயும்.

வகுப்பில் இதை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். வயதையும் அறுவடை நாளையும் கொடுத்து, விதைக்கும் நாளை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கணிதத்தில் காலமும் நேரமும் படிக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

ஏன் இந்த மூன்று பயிர்?

நிலக்கடலை, கேழ்வரகு, எள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பவை. அதனால் இந்த ஆண்டு எடுத்த விதையை அடுத்த ஆண்டு போட்டாலும் அதே மாதிரிச் செடி வரும். மக்காச்சோளம், கம்பு, சூரியகாந்தி ஆகியவை அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறை மாறிவிடும். கடையில் கிடைக்கும் சோள விதை பெரும்பாலும் கலப்பின ரகம். அதிலிருந்து விதை எடுத்தால் முதல் ஆண்டுபோல் வராது.

சோளத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆகஸ்டு இறுதி விடுமுறை முடிந்ததும் இனிப்புச் சோளம் போட்டால் 70, 75 நாளில், நவம்பரில், பச்சையாகவே பறித்து அவித்துச் சாப்பிடலாம். காயவைக்கும் வேலை இல்லாததால் அக்டோபர் மழை தொந்தரவு செய்யாது. ஒரே வரிசையாக நடாமல் நான்கு வரிசை கொண்ட கட்டமாக நடுங்கள். சோளத்தின் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. காற்றில் வரும் மகரந்தம் படாத இழையில் மணி இருக்காது. பொக்கையாக வரும் கதிர்களுக்கு இதுவே காரணம்.

விதை எங்கே கேட்பது?

முதல் இடம், நாம் ‘பெர்த்தானியான்’ என்று சொல்லும் மாவட்ட வேளாண் அலுவலகம். நகர்ப்புற வேளாண்மைத் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் விதை, உரம், ஆலோசனை தரும் வழக்கம் வேளாண் துறைக்கு உண்டு. பொதுவாகக் கீரை, வெண்டை, மிளகாய் விதைதான் கிடைக்கும். கடலையோ எள்ளோ வேண்டுமென்றால் கடிதத்தில் பயிரின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்: ‘காச்சாங் தானா’, ‘பிஜான்’, ‘ஜாகோங்’. கேழ்வரகைக் கேட்கும்போது கவனம். மலாயில் ‘ராகி’ என்றால் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். வெறுமனே ராகி என்று எழுதினால் அலுவலர் குழம்பிப் போவார். தாவரப் பெயரான ‘எலூசின் கொராகானா’ என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இரண்டாவது இடம் செர்டாங். 1969-இல் நிறுவப்பட்ட மார்டியின் தலைமையகமும், புத்ரா மலேசியப் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தப் பள்ளியிலிருந்தும் ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். செபராங் பிறையில் உள்ள மார்டியின் நெல் மரபணு வங்கியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரறையில் பாதுகாக்கப்படுகின்றன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

மூன்றாவது, பெற்றோர். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களில் பாட்டி, தாத்தா யாராவது வீட்டுக்குப் பின்னால் கடலையோ சோளமோ போடுவார்கள். “யார் வீட்டுல விதை இருக்கு?” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

சரி, துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ மளிகைக் கடையில் வாங்கிய தானியத்தை விதைக்கலாமா? வகுப்பில் முளைக்கவைத்துப் பார்க்க அது போதும், பாத்திக்கு வேண்டாம். உணவுக்காக இறக்குமதியான பொருளில் என்ன ரகம், எத்தனை வருடம் பழசு, என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் வகுப்புச் சோதனைக்கு அது அருமையான பொருள். முழுக் கேழ்வரகும் தோலுள்ள கறுப்பு எள்ளும் முளைக்க வாய்ப்புண்டு. தோல் நீக்கிய வெள்ளை எள் பெரும்பாலும் முளைக்காது. வறுத்த கடலை முளைக்கவே முளைக்காது. சாமை, வரகு, தினை என்று நாம் வாங்குவது உமி நீக்கிய அரிசி. பெரும்பாலும் அதுவும் முளைக்காது. ஏன் என்று மாணவர்கள் யோசிக்கட்டும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

ஊரிலிருந்து விதை கொண்டு வரலாமா?

விடுமுறைக்குத் தமிழ்நாடு போய்வரும்போது, “கொஞ்சம் நாட்டு விதைதானே” என்று பையில் போட்டுக்கொண்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி, விதைக்கும் நோக்கத்தோடு விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் குற்றம்.

இது வெறும் கெடுபிடி இல்லை. ரப்பரின் தாயகமான பிரேசிலில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் நிலைக்கவில்லை. ஹென்றி போர்டு அங்கே அமைத்த போர்ட்லாண்டியா தோட்டத்தை அழித்ததில் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பூஞ்சை இன்னும் மலேசியாவுக்குள் வரவில்லை. வந்திருந்தால் நம் தாத்தா, பாட்டி பால் வெட்டிப் பிழைத்த தோட்டங்களின் கதையே வேறாகியிருக்கும். ஒரு பை விதையோ செடியோ எதையெல்லாம் கூடவே கொண்டு வரக்கூடும் என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நமக்கு இல்லை.

விதைக்கும் முன்: முளைப்புச் சோதனை

ஈரமான பஞ்சிலோ துணியிலோ 50 விதையைப் பரப்புங்கள். கடலைக்கும் கேழ்வரகுக்கும் ஒரு வாரம் போதும். எத்தனை முளைத்தன என்று எண்ணி இரண்டால் பெருக்கினால் விழுக்காடு. 50-க்கு 41 முளைத்தால் 82 விழுக்காடு.

ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளப் பாத்தியில் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டால் மூன்று வரிசையில் 90 கடலைச் செடி நிற்கும். முளைப்பு 82 விழுக்காடு என்றால் எத்தனை விதை வேண்டும்? 90-ஐ 0.82-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 110. அறுபது விழுக்காட்டுக்குக் கீழே முளைத்தால் அந்த விதையை நம்பி இறங்க வேண்டாம். வேறு விதை தேடுங்கள்.

கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சை மருந்து தடவியது. மாணவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது. மீந்ததை உணவில் சேர்க்கவே கூடாது.

மாதம் மாதமாக வேலை

ஜனவரி: வேளாண் அலுவலகத்துக்குக் கடிதம். பாத்திக்கு இடம் தேர்வு. ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். அடுக்குமாடி நிழலில் இருக்கும் நகரப் பள்ளிகள் நிழல் எங்கே விழுகிறது என்று மணிக்கு மணி குறித்துப் பாருங்கள்.

பிப்ரவரி: பாத்தி தயாரிப்பு. கிள்ளான் கடலோரப் பகுதியில் கனத்த களிமண். கோலாலம்பூரில் பல பள்ளிகளில் கட்டடக் கல்லும் மணலும் கொட்டி மேடாக்கிய மண். இரண்டிலும் தண்ணீர் ஒழுங்காக வடியாது. தரையிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் உயர்ந்த மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய உரம் கலந்து மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்புத் தூளை விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே கலக்க வேண்டும்.

மார்ச்: முளைப்புச் சோதனை. மார்ச் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கடலை விதைப்பு. முதல் நாள் ஓட்டை உடைத்து எடுங்கள். சிவப்புத் தோல் உரியக் கூடாது. ஆழம் நான்கு, ஐந்து சென்டிமீட்டர். அதே நாளில் கேழ்வரகை ஒரு தட்டில் மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். ஒரு பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விதையே அதிகம்.

ஏப்ரல்: 18, 20 நாள் வயதுக் கேழ்வரகு நாற்றை 25-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவு. மூன்றாம் வாரத்தில் எள். எள் பொடி விதை என்பதால் மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை கலைத்து, கடைசியில் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இருக்கும்படி விடுங்கள். எள்ளுக்குக் காலில் தண்ணீர் நின்றால் ஆகாது. இரண்டு நாளில் வாடிவிடும்.

மே: கடலைக்கு 40 முதல் 45-ஆம் நாளுக்குள் மண் அணைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 40 கிராம் ஜிப்சம் போட்டால் பருப்பு திரளும். கடலைப் பூ மேலே பூக்கிறது. வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஊசிபோல் ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகிறது. விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறினால் காய் போச்சு. ஆகவே இந்த வேலை மே இறுதி விடுமுறைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விடுமுறை இரண்டு வாரத்துக்கும் தண்ணீர் பார்க்க ஒரு முறைப்பட்டியல் போடுங்கள்.

ஜூன்: கேழ்வரகு கதிர் விட்டதும் சிட்டுக்குருவிகளும் சில்லைகளும் வரும். வலை போடாவிட்டால் அவற்றுக்குத்தான் அறுவடை.

ஜூலை: மூன்றையும் ஒவ்வொன்றாக அறுக்கலாம். கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். உள்பக்கம் கரும்பழுப்பாக இருந்தால் முற்றிவிட்டது. கேழ்வரகுக் கதிர் பழுப்பானதும் கொய்யுங்கள். பிந்திய கதிர்களுக்கு ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை. எள்ளில் அடிக்காய் மஞ்சளாகி, வெடிக்கும் முன்பே அறுத்துக் கட்டாகக் கட்டி நிறுத்தி வையுங்கள். காய் வெடித்தபின் துணிமேல் தலைகீழாக உதறினால் கொட்டும். முறத்தில் புடைக்கத் தெரிந்த பாட்டி ஒருவரை அழைத்து வாருங்கள். மாணவர்களுக்கு அது தனிப் பாடம்.

இரண்டு எச்சரிக்கைகள். பூசணம் பிடித்த கடலையைச் சாப்பிட வேண்டாம். அதில் உண்டாகும் அப்லாடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்கும். அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அடுத்து, வாளியில் நெல் வளர்க்கும் பள்ளிகள் தேங்கிய தண்ணீரை விடாதீர்கள். நாட்டில் டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். மண் சேறாக இருந்தால் நெல்லுக்குப் போதும். மேலே தண்ணீர் நிற்கத் தேவையில்லை.

வாங்கியதற்கு இரண்டு மடங்கு

விதையை ஒவ்வோர் ஆண்டும் யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருந்தால் திட்டம் மூன்றாம் ஆண்டில் நின்றுவிடும். இதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அருமையான வழி இருக்கிறது.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பர் 6-இல் மறைந்தார். 2006-இல் தொடங்கிய அந்தத் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் தருவார்கள். அவர் அதை விளைவித்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது. ஒருவர் திருப்பித் தந்தது இன்னும் இருவருக்குப் போகும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பெயர்கள் திரும்ப மக்கள் வாயில் வந்தது இப்படித்தான்.

இதையே பள்ளிகளுக்கிடையே செய்யலாம். ஒரு பள்ளி 110 கடலைப் பருப்பு வாங்குகிறது. 90 செடி, செடிக்குப் பத்துக் காய், காய்க்கு இரண்டு பருப்பு என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800. அதில் 220-ஐத் திருப்பித் தருகிறது. இன்னொரு 110 தன் அடுத்த ஆண்டு விதைக்கு. மீதியைப் பிள்ளைகள் அவித்துச் சாப்பிடலாம். திருப்பித் தந்த 220, அடுத்த ஆண்டு இரண்டு புதுப் பள்ளிகளுக்குப் போகிறது. கிள்ளானில் ஒரு பள்ளி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளி என்று தொடங்கினாலே போதும்.

விதைக்கென்று எடுப்பதை முதலிலேயே பிரித்து வையுங்கள், மீந்ததை விதையாக்காதீர்கள். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடிகளுக்குப் பூக்கும்போதே வண்ண நூல் கட்டி அடையாளம் வைக்கலாம். கடலையை ஓட்டோடு காயவையுங்கள். குலுக்கினால் உள்ளே கலகல என்று சத்தம் வர வேண்டும். கேழ்வரகையும் எள்ளையும் நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த டின்னில் வைத்த கடலை விதை அடுத்த மார்ச்சுக்குள் முளைப்பை இழந்துவிடும். போத்தலில் நான்கு விவரம் ஒட்டுங்கள்: பயிர், பள்ளி, அறுவடை நாள், முளைப்பு விழுக்காடு.

பாடங்களோடு இணைக்க

- அறிவியல்: முளைத்தல், தாவரத் தேவைகள், மகரந்தச் சேர்க்கை. மாறிகளைக் கையாளும் ஆய்வுக்கு முளைப்புச் சோதனையே போதும்.
- கணிதம்: நாள் கணக்கு, விழுக்காடு, பரப்பளவு. பால் போத்தலை வெட்டி மழைமானி செய்து தினமும் அளந்து குறிவரைவு வரையலாம்.
- வடிவமைப்பும் தொழில்நுட்பமும்: மேட்டுப்பாத்தி, பறவை வலை, உலர்த்தும் தட்டு.
- தமிழ்மொழி: வேளாண் அலுவலருக்கு நன்றிக் கடிதம், பாட்டியுடன் நேர்காணல், அறுவடை நாள் குறிப்பு. பட்டம், பாத்தி, நாற்று, களை, கதிர், முறம், தூற்றுதல் போன்ற சொற்கள் அகராதியிலிருந்து இறங்கிக் கைக்கு வரும்.

ஜூலை நடுவில் பள்ளித் திடலில் கேழ்வரகு காயும்போது ஊர்க் கோயில்களில் ஆடிக் கூழுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். அந்தக் கூழ் எந்தத் தானியத்தில் காய்ச்சுவது என்று அப்போது மாணவர்களைக் கேளுங்கள். பிறகு ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பலகையில் எழுதி, “நம்ம ஊருக்கு இதை எப்படி மாற்றிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். வரும் பதில்களை இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள். விதை பெறவும் தரவும் விரும்பும் பள்ளிகள் வேளாண் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை ஜனவரி முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. மார்ச் வந்தபின் தேடினால் பட்டம் தவறிவிடும்.